படத்தில் படுத்திருந்தவள்

படம் எழுதுகிற துரை ஒருத்தர் மதராஸில் இருந்தார். சமையற்காரி காசியம்மாளை அடுப்படியிலிருந்து கூப்பிட்டு, நகை பூட்டி, மெத்தையில் சாயவைத்து ஒரு படம் எழுதினார்.

விருந்துக்கு வந்த துரைமாரிடம் அதைக் காட்டி, "இந்த ஊர்ப் பெண்கள் வீட்டுக்குள் இப்படித்தான் கிடப்பார்கள். ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடமாட்டார்கள்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கேட்டுக்கொண்டிருந்த காசியம்மாளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. விருந்து வேகிற அடுப்பில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினாள். விருந்தாளிகள் இருந்த கூடத்துக்கு வந்து, அங்கே கிடந்த சோபாவில் படத்தில் இருப்பதுபோலவே சாய்ந்துகொண்டாள்.

விருந்தாளிகள் அவள் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"எழுந்திருடி! வேலையை விட்டே துரத்திவிடுவேன்!" என்று துரை கத்தினார்.

"எந்த வேலையை விட்டு, துரை? நாங்கதான் துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாதவங்களாச்சே! பசிச்சா நீங்களே போய் அடுப்பை ஊதுங்க."