பதினோரு வார்த்தை நோட்டு

ஜட்ஜ் துரைக்குத் தமிழ் தெரியாது, கூண்டில் நிற்கிறவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்றிருந்த காலம் அது. நடுவில் நின்று அவர் பேச்சை இவருக்கும் இவர் பேச்சை அவருக்கும் கொண்டு சேர்க்க ஒரு ஆள் வேண்டும். ஒரு ஜில்லாக் கோர்ட்டில் அந்த வேலையைப் பார்த்தவர் தொபியாஸ். வயசு முப்பத்தொன்று.

அவரிடம் தொழில் படிக்க வந்த சீடருக்கு வயசு ஐம்பத்துமூன்று. பெயர் அனந்தப்பர். முப்பது வருசம் தபாலாபீசில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போட்டவர். விலாசம் பார்த்துக் கொண்டு சேர்ப்பதுதானே, இதுவும் அப்படித்தான் என்று நம்பி வந்துவிட்டார்.

அன்று மத்தியானம், கோர்ட்டுக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில், அனந்தப்பர் தன் நோட்டை மேசைமேல் பொத்தென்று போட்டார்.

"எனக்கு இந்தப் பிழைப்பே வேண்டாம் வாத்தியாரே."

"என்ன அண்ணாச்சி?"

"நம்ம ஆளுக்கு ஒண்ணு தெரிஞ்சுச்சுன்னா தெரிஞ்சுச்சு. அந்த ஒரு வார்த்தையோட சோலி முடிஞ்சுது. இவனுகளுக்குப் பதினோரு வார்த்தை! நோட்டீஸ்ங்கான், ரியலைஸ்ங்கான், பெர்ஸீவ்ங்கான், ஃபைண்ட் அவுட்டுங்கான். கிராஸ்ப்னு வேற ஒண்ணு. அப்படின்னா பிடிக்கிறதாம். மண்டைக்குள்ள வர்றதை எவனாவது கையால பிடிப்பானா?"

தொபியாஸ் புது மண்கூஜாவிலிருந்து இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தார். கூஜாவை நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நாளைக்கு எத்தனை வார்த்தை வேணும்?"

"ஒண்ணுதான் வேணும். அந்த ஒண்ணு எதுன்னுதானே தலை வெடிக்குது!"

மறுநாள் தொபியாஸுக்கு வேறு ஊர்க் கோர்ட்டில் வேலை. இருளாண்டியின் வழக்கில் அனந்தப்பர் முதல்முதலாகத் தனியாக நிற்க வேண்டும். இருளாண்டி கண்மாய் மடையைக் காவல் காக்கிறவர். ஐப்பசி மழையில் கரை உடைந்து, கீழத்தெருவில் இரண்டு பிள்ளைகள் வெள்ளத்தோடு போய்விட்டார்கள். தெரிந்தே சும்மா இருந்தார் என்று ஆகிவிட்டால் ஏழு வருசம் ஜெயில்.

போலீசிடம் இருளாண்டி சொன்னது மூன்றே வரி. 'மத்தியானமே தெரிஞ்சுச்சு, கரையில ஈரம். துண்டைத் தள்ளிப் போட்டு உக்காந்தேன். பொழுது சாயக் கரை போயிருச்சு.'

"நாளைக்கும் இதையேதான் சொல்லுவார்" என்றார் தொபியாஸ். "அந்த 'தெரிஞ்சுச்சு'க்கு என்ன வார்த்தை போடப் போறீங்க?"

"டிஸ்கவர். கேக்கக் கம்பீரமா இருக்கு."

"கப்பல்ல போய்ப் புதுத் தேசத்தைக் கண்டுபிடிச்சவனுக்குப் போடுற வார்த்தை அண்ணாச்சி அது. இருளாண்டி கரையில உக்காந்திருந்தவர்."

"அப்ப நீங்களே ஒண்ணைச் சொல்லித் தொலைங்களேன்! அதைவிட்டுட்டுத் தண்ணியைக் குடிச்சுக்கிட்டு!"

தொபியாஸ் இன்னொரு மடக்குக் குடித்தார். கூஜாவை அதே இடத்தில் வைத்தார்.

அனந்தப்பருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பது நாளாக இதே கதைதான். கேட்டால் பதில் வராது.

"எந்த வார்த்தை போட்டா என்ன? எனக்கு அந்த ஆள் மேலயே ஆத்திரம். ஈரம் தெரிஞ்சுச்சுன்னு அவனே சொல்றான். தெரிஞ்சவன் ஊருக்குள்ள ஓடிச் சத்தம் போட வேண்டாமா? துண்டைத் தள்ளிப் போட்டானாம், துண்டை! ரெண்டு பச்சைப் பிள்ளைங்க வாத்தியாரே. துண்டு நனையக் கூடாதுன்னு பார்த்தவனுக்கு ஊர் நனையும்னு தெரியாதா?"

பேசிக்கொண்டே மேசையில் முழங்கையை ஊன்றினார். சில்லென்று ஈரம் பட்டது. புதுக் கூஜா, கசியத்தான் செய்யும். முழங்கையை ஒரு சாண் தள்ளி ஊன்றிக்கொண்டு மேலே பேசினார்.

அனந்தப்பர் போலீசைத் திட்டினார். இங்கிலீஷ்காரனைத் திட்டினார். அகராதி போட்டவனைத் திட்டினார். கடைசியில், "எடுத்துக் காட்டுறேன் பாருங்க, என்னென்ன எழுதி வெச்சிருக்கேன்னு" என்று நோட்டை எடுத்தார்.

நோட்டு சொதசொதவென்று வந்தது. பதினோரு வார்த்தையும் ஒன்றோடு ஒன்று கரைந்து, பக்கம் முழுக்க நீலக் குட்டையாகக் கிடந்தது.

"ஐயோ! போச்சே! நாப்பது நாள் எழுத்து!"

"எப்ப தெரிஞ்சுச்சு அண்ணாச்சி?"

"இதென்ன கேள்வி? இப்பத்தான்! கையில எடுக்கவும்தானே தெரியுது!"

"அதுக்கு முன்னாடியே முழங்கையைத் தள்ளி வெச்சீங்களே."

"அது ஈரமா இருந்துச்சு, நகர்த்திக்கிட்டேன். புதுக் கூஜா வேர்க்கும்தானே. நோட்டு வரைக்கும் போகும்னு நான் என்ன கண்டேனா..."

அனந்தப்பரின் குரல் அப்படியே இறங்கிவிட்டது. கையிலிருந்த நோட்டிலிருந்து நீலச் சொட்டு ஒன்று வேட்டியில் விழுந்தது. அதை அவர் துடைக்கவில்லை.

"முழங்கைக்கு எந்த வார்த்தை போடுவீங்க?"

"நோட்டீஸ். ஈரம்னு கவனிச்சேன், அவ்வளவுதான்."

"நோட்டுக்கு?"

"ரியலைஸ். அப்பத்தானே உறைச்சுது" என்றார் அனந்தப்பர், வாய்க்குள்ளேயே.

"சரி. இருளாண்டிக்கு?"

அனந்தப்பர் கையிலிருந்த நீலக் குட்டையைப் பார்த்தார்.

"அது எனக்கு எப்படித் தெரியும் வாத்தியாரே? கரை போகும்னு அவருக்கு எப்ப பட்டுச்சோ! நான் உள்ள புகுந்தா பார்த்தேன்?"

அதுவரைக்கும் 'அவன்' என்று வந்த வாயில் 'அவருக்கு' என்று வந்தது.

தொபியாஸ் கூஜாவைத் தூக்கி ஜன்னலில் வைத்தார்.

"கூண்டுல நிக்கிறவர் சொன்னது தெளிவில்லைன்னா, ஜட்ஜ்கிட்ட உத்தரவு வாங்கிக்கிட்டு நாம ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கலாம். அப்படி ஒரு வழக்கம் இருக்கு."

"இதை நாப்பது நாளா ஏன் சொல்லலை நீங்க?"

"நாப்பது நாளா வார்த்தையைத்தானே கேட்டீங்க."

அனந்தப்பர் ஈர நோட்டை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பினார்.

"என்ன கேள்வி கேக்கட்டும் வாத்தியாரே?"

"நோட்டு நனைஞ்சதும் உங்ககிட்ட முதல்ல ஒண்ணு கேட்டேனே அண்ணாச்சி, 'எப்ப தெரிஞ்சுச்சு'ன்னு, அதையே கேளுங்க. கேட்டுட்டு, அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் நில்லுங்க."