ராக்கு கஞ்சி குடிக்கட்டும்

ஒரு கரிசக்காட்டு ஊர்ல ஒரு ஆட்டுக்காரன் இருந்தானாம், பேரு சங்கிலி. அவன் பொண்டாட்டி ராக்கு. மடியில பச்சப்புள்ள ஒண்ணு. கேக்குறியா? ம் சொல்லு.

ம்.

ஒருநா ஆடு மேய்ச்சிக்கிட்டு இருக்கையில வானம் கறுத்து, சடசடன்னு மழை. ஓடிப்போயி வேலமரத்தடியில நின்னான். அப்போ பளீர்னு ஒரு வெளிச்சம், டமார்னு ஒரு இடி! அப்புறம் பாத்தா, சங்கிலி எந்திரிச்சு வேட்டிய உதறுறான். ஒரு பொட்டு ஈரமில்ல. கீழ பாக்குறான், அங்க அவனே கிடக்கான். ஆடுக மட்டும் இவன நிமிந்து பாத்து மே... மேங்குதுக.

"தம்பி"ன்னு ஒரு குரல். பக்கத்துல ரெட்டச்சடை போட்ட சின்னப்புள்ள.

"யாரு பாப்பா நீ?"

"நான் உன் அக்காடா, என் பேரு மாரி. நீ தவழுறப்போ அம்மை வந்து போயிட்டேனே." செத்தவங்களுக்கு வயசு ஏறாதாம், அதான் அப்படியே இருந்தா. "வா, போலாம்."

"இரு அக்கா. வீட்ட ஒரு எட்டு பாத்துட்டு வாரேன்."

வீட்டுக்கு வந்தான். அவன் உடம்பத் தூக்கிட்டுப் போயி எரிச்சாச்சு. ஊரே அழுதுச்சு, ராக்கு அழல. "மச்சான் மேய்க்கப் போயிருக்கு, வந்துரும்"னு செவுத்துல சாஞ்சுட்டா. சோறு தண்ணி இல்ல. பால் வத்திப்போயி புள்ள ங்ஙா... ங்ஙான்னு கத்துது. தூங்கிட்டியா?

ம்... இல்ல.

சங்கிலிக்கு மனசு கேக்கல. "ராக்கு, கஞ்சியக் குடி புள்ள"ன்னான். அவளுக்குக் கூரை ஓலை சரசரன்னதுதான் கேட்டுச்சு. அப்புறம் கஞ்சிச்சட்டிய அவ பக்கம் தள்ளப் பாத்தான். கை புகையா உள்ள போகுது. மூச்சுப் புடிச்சு ஊதினான், மூடி டங்குன்னு விழுந்துச்சு. ராக்கு சடார்னு நிமிந்தா. "மச்சான், வந்துட்டியா?" ஓடிப்போயி அவன் சாப்பிடுற வட்டில எடுத்து வச்சு, கஞ்சிய அதுல ஊத்திட்டு, காத்துக்கிட்டு உக்காந்துட்டா. அப்புறம் அவ கண்ணசந்த நேரமாப் பாத்துக் கனாவுல போனான். "சாப்பிடு புள்ள, குழந்த பாவம்"னு கெஞ்சினான். "நீ மொத சாப்பிடு, அப்புறந்தான் நான்"னு சொல்லிட்டா.

வாசல்ல நின்ன அக்கா சொன்னா, "தம்பி, நீ இங்க நிக்கிறது அவளுக்குத் தெரியுது. நீ நிக்கிற வரைக்கும் அவ எப்படிடா கை நனைப்பா?"

சங்கிலி புள்ள பக்கத்துல குனிஞ்சான். அதுக்குத் தெரிஞ்சுதோ என்னமோ, அழுகைய நிறுத்திட்டு அவனையே பாத்துச்சு. அப்புறம் நிலைப்படியத் தாண்டினான்.

தாண்டினதும் உள்ள ராக்கு "அய்யோ, என் மச்சான் போயிருச்சே!"ன்னு ஒரு சத்தம் போட்டா பாரு! அடக்கி வச்ச அழுகையெல்லாம் ஓன்னு வந்துச்சு. பக்கத்து வீட்டுப் பேச்சி ஓடியாந்து, அவளக் கட்டிப்புடிச்சு, வாயில கஞ்சிய வச்சா. மடக் மடக்னு குடிக்கிற சத்தம் சங்கிலிக்குத் தெருவுல கேட்டுச்சு. அவன் திரும்பல.

அப்புறம் ரெண்டு பேரும் நடந்தாங்க. நடக்க நடக்க ஒண்ணொண்ணா மறந்துச்சாம். மொதல்ல ஊரு பேரு போச்சு. அப்புறம் அவன் பேரு போச்சு. "அக்கா, ராக்கு மூஞ்சியும் மறந்துருமா?"ன்னான்.

"மறந்துரும்டா."

"அப்புறம் என்னதான் மிஞ்சும்?"

"எனக்கு உன் மூஞ்சி மறந்து எவ்வளவோ காலமாச்சு. ஆனாலும் உன்னத் தேடித்தானே வந்தேன்?"

எங்க போனாங்களா? மறுபடி பொறப்பாங்கன்னு சிலர் சொல்றாங்க, சாமிகிட்ட போயிருவாங்கன்னு சிலர் சொல்றாங்க. போனவுக யாரும் வந்து சொன்னதில்லடா கண்ணு.

அவனுக்குப் பயமா இருந்துச்சா?

இருந்துச்சு. ஆனா அக்கா கையப் புடிச்சிருந்தாள்ல.

கதை அம்புட்டுத்தான், கண்ண மூடு சாமி.