இரட்டை மீன் காசுக்கு ஒரு ஜோடி

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் வீண் வம்பு என்பதால் நான் சொல்லாமல் விடுகிற ஒரு ராஜ்யத்தில், அரசருக்குத் திடீரென்று பழங்காசு சேர்க்கும் ஆசை வந்தது. போன வருஷம் புறா. அதற்கு முந்தின வருஷம் மல்யுத்தம். ஒவ்வொரு ஆசைக்கும் ஈடுகொடுத்துச் சிரிக்கவைத்தே அரண்மனை விகடகவி தாண்டவனுக்கு முதுகு கூனிப்போயிருந்தது. "இந்தத் தடவை காசா? நல்லவேளை, தலையில் எச்சம் போடாது" என்று அலுத்துக்கொண்டான்.

அரசருக்கு ஆசை வந்தால் ஊருக்கும் வரும் அல்லவா? பழங்காசு வைத்திருப்பவர்களை அரசர் கூப்பிட்டுப் பேசுகிறாராம் என்று கேள்விப்பட்டதும், காசைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள்கூட வாங்கக் கிளம்பிவிட்டார்கள். விற்றவர் பொக்கிஷ அதிகாரி மார்த்தாண்டர். சபையில் தாண்டவனைப் பார்த்து யாராவது சிரித்தாலே வயிறெரிகிற மனிதர்.

ஒரு மாலை யானைப்பாகன் இருளாண்டி, தாண்டவன் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதான்.

"ஏமாந்துட்டேன் சாமி. ஒலகத்துலயே இது ஒண்ணுதான்னாரு மார்த்தாண்டரு. வெளிய சொன்னா திருடன் வருவான், நேரம் பாத்து நானே ராசாகிட்ட கூட்டிப் போறேன்னாரு. கறவை எருமையைக் குடுத்து வாங்கினேன். மூணு மாசமாச்சு. புள்ளைங்க பாலில்லாம கெடக்குதுங்க. எம்பொஞ்சாதி பேச்சி எங்கூடப் பேசறதே இல்ல."

உள்ளங்கையை விரித்தான். இரட்டை மீன் பொறித்த ஒரு செப்புக்காசு. தாண்டவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அன்று காலைதான் அரசர், மார்த்தாண்டர் விற்ற இதே மாதிரிக் காசைப் பட்டுத்துணியில் வைத்துக் காட்டி, "உலகத்திலேயே இது ஒன்றுதான்!" என்று பூரித்துப்போயிருந்தார்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு தாண்டவன் மார்த்தாண்டர் வீட்டுக்கு நடந்தான். "ஐயா, பாகன் பாவம். காசை வாங்கிக்கொண்டு எருமையைக் கொடுத்துவிடுங்கள்."

"அவன் கழுத்தைப் பிடித்தா வாங்கவைத்தேன்? விற்றது விற்றதுதான். உனக்கென்ன ஐயா இதில் வேலை?"

அதோடு விட்டாரா? மறுநாள் சபையில் முந்திக்கொண்டார். "அரசே, தங்கள் இரட்டை மீன் காசு தெருவில் உருளுகிற காசு என்று தாண்டவன் சொல்லித் திரிகிறான்."

அரசரின் முகம் சிவந்தது. "தாண்டவா! நாளைக் காலைக்குள் என் காசுக்கு ஒரு ஜோடியைக் கொண்டுவா. இல்லாவிட்டால் இந்த ஊரில் உனக்கு இடமில்லை."

பாகனின் காசை நீட்டினால், அரண்மனையில் திருடியது என்று சொல்லி அவனைச் சிறையில் தள்ளிவிடுவார் மார்த்தாண்டர். எருமையும் போய் ஆளும் போவான். தாண்டவனுக்குச் சலித்துப்போனது. இந்த வயதில் இதெல்லாம் தேவையா? பெருமூச்சு விட்டுவிட்டு, "உத்தரவு, அரசே. தண்டோராக்காரரை மட்டும் கொஞ்சம் அனுப்பிவையுங்கள்" என்றான்.

அன்று பிற்பகல் தெருத்தெருவாகத் தண்டோரா ஒலித்தது. "உலகத்திலேயே ஒன்றே ஒன்றான இரட்டை மீன் காசை வைத்திருப்பவர் நாளைக் காலை அரண்மனைக்கு வரவும்! அரசர் பார்க்க விரும்புகிறார்!"

கேட்டவர்களில் காசு வைத்திருந்த ஒவ்வொருவரும் மடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். அடடா, நம்மைத்தானே கூப்பிடுகிறார்கள்!

விடிந்ததும் அரண்மனை வாசலில் ஒரே கூட்டம். வண்ணார், வைத்தியர், கோயில் பரிசாரகர், பூக்காரி, வாள்பிடிக்கும் காவலர்கள். எல்லோர் மடியிலும் உலகத்திலேயே ஒன்றான காசு. ஒருவரையொருவர் பார்த்து விழித்தார்கள். நூற்றெழுபத்து மூன்று பேர்.

எல்லோரையும் சபைக்குள் வரிசையாக நிறுத்தி, "அரசே," என்றான் தாண்டவன், "ஜோடியைக் கொண்டுவரச் சொன்னீர்கள். இத்தனையில் தங்கள் காசுக்கு எது ஜோடி என்று எனக்குப் புரியவில்லை. தாங்களே ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளுங்கள்."

அரசரின் மீசை துடித்தது. ஊரோடு சேர்த்துத் தன்னையும் முட்டாளாக்கியிருக்கிறான் இந்தப் பொக்கிஷ அதிகாரி!

"காசு பழசுதான் அரசே, போலியில்லை. ஆற்றங்கரையில் ஒரு பானை நிறையக் கிடைத்தது" என்று மார்த்தாண்டர் உளறினார்.

"பானை நிறையக் கிடைத்தது என்பதை வாங்கியவர்களிடமும் சொல்லியிருக்கலாமே" என்றான் தாண்டவன் களைப்போடு.

அப்போதுதான் வரிசையின் கடைசி ஆள் காசோடு எட்டிப்பார்த்தார். மார்த்தாண்டரின் சொந்த மைத்துனர்.

"அடப்பாவி! மச்சானுக்குமா?" என்ற அரசர், சிம்மாசனமே ஆடும்படி சிரித்தார். கண்ணில் நீர் வர வர, மார்த்தாண்டரைப் பதவியிலிருந்து இறக்கி, வாங்கியதையெல்லாம் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுக்கவைத்தார். "உனக்கு என்ன வேண்டும், தாண்டவா?"

"பழங்காசு விற்பவர், வாங்கியவர் கேட்டால் அதே விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு சட்டம். எனக்குப் பத்து நாள் தூக்கம்."

இரண்டையும் கொடுத்த அரசர் ஒரு பொற்கிழியையும் கொடுத்தார். பட்டுத்துணியிலிருந்த காசையும் அவன் கையில் போட்டார். "இதையும் வைத்துக்கொள். உலகத்திலேயே ஒன்று!" மறுபடி சிரிப்பு.

சாயங்காலம் தாண்டவன் வீடு திரும்பும் வழியில் இருளாண்டி எருமையை ஓட்டிக்கொண்டு எதிரே வந்தான். பேச்சி ஒரு செம்பு மோரோடு கூடவே வந்தாள். புருஷனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டும் வந்தாள்.

இருளாண்டி தலையைச் சொறிந்தான். "சாமி, கோவிச்சுக்காதீங்க. காசைத் திருப்பிக் குடுத்துட்டேன். ஆனா அந்த ரெட்டை மீனு மேல நெசமாவே ஆசை. அதோட ஞாயமான வெல என்ன இருக்கும்?"

தாண்டவன் மடியிலிருந்த அரசரின் காசை எடுத்துப் பார்த்தான். பேச்சியின் கையிலிருந்த செம்பையும் பார்த்தான்.

"ஒரு செம்பு மோர்" என்றான். நின்றபடியே மோரைக் குடித்து முடித்து, காசை அவன் கையில் வைத்துவிட்டு, தூங்கப் போனான்.