நாச்சிமுத்துவின் மூவாயிரம் வாட்

“ஏனுங்க டீச்சர், கணக்கு பொய் சொல்லுமுங்களா?”

காலையில் வாசலில் நனைந்துகொண்டு வந்து நின்று இப்படிக் கேட்டவர் நாச்சிமுத்து. காடை வளர்ப்பவர். தலை நரைத்த பிறகு வயரிங் வகுப்பில் சேர்ந்தவர்.

பாடம் நடத்தும் பிலோமினா அவருக்கு மகள் வயசு. இருந்தாலும் குரு குருதான் என்பார் மனிதர். டீச்சர் முன்னால் உட்காரக்கூட மாட்டார்.

விஷயம் இதுதான். பராமரிப்பு வேலைக்காக அன்று ஒன்பது மணிக்குக் கரண்ட் போனால் சாயங்காலம்தான் வரும். முந்தாநாள் பொரித்த காடைக் குஞ்சுகளுக்குப் பல்புச் சூட்டை விட்டால் வேறு கதி இல்லை.

போன மழைக்கு இப்படியொரு நாளில் குஞ்சுகள் கூண்டோடு விறைத்துப் போயின. அன்று அவர் சோறு தின்னவில்லை. அதனால்தான் இந்தத் தடவை இன்வெர்ட்டர் வாங்கி வைத்தார். அது அறுநூறு வாட் தாங்கும்.

நான்கு குண்டு பல்பு எவ்வளவு இழுக்கும்? பல்பில் எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது.

சீடர் சும்மா இருப்பாரா? மின்தடை அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தார். ஒரு பல்பின் மின்தடை அறுபது ஓம். வோல்டேஜை வோல்டேஜாலேயே பெருக்கி, மின்தடையால் வகுத்தார். எண்ணூறு வாட் வந்தது. நான்குக்கும் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம்.

“போட்டா இன்வெர்ட்டர் போயிரும். போடலீன்னா குஞ்சு போயிரும்” என்றார். கண் கலங்கிவிட்டது.

பிலோமினா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

போய்ச் சேரும்போதே கரண்ட் போயிருந்தது. குஞ்சுகள் மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

“போடுங்கண்ணா. ஒவ்வொண்ணா.”

நாச்சிமுத்து குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு சுவிட்சைத் தட்டினார். ஒன்று எரிந்தது. அப்புறம் இன்னொன்று. நான்கும் எரிந்தன. இன்வெர்ட்டர் முனகக்கூட இல்லை.

பிலோமினா அளந்து காட்டினார். வோல்டேஜ் இருநூற்றிருபது. நான்குக்கும் சேர்த்து ஓடும் கரண்ட் ஒரே ஒரு ஆம்பியர்.

பெருக்கிப் பார்த்தார் சீடர். மொத்தமே இருநூற்றிருபது வாட்தான்!

சந்தோஷப்பட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. ஒரு பல்புக்குக் கால் ஆம்பியர், அதைக்கொண்டு வோல்டேஜை வகுத்தால் மின்தடை எண்ணூற்று எண்பது ஓம் வந்தது. மீட்டரை முறைத்தார்.

“அதே பல்புதானுங்க. காலைல அறுபதுன்னு காட்டுச்சே?”

“அப்ப எரிஞ்சுட்டு இருந்துச்சா?”

“அணைச்சுக் கழட்டித்தானுங்க அளந்தேன். ஓம் அளக்கறப்போ கரண்ட் இருக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?”

சொன்னதென்னவோ உண்மை. பிலோமினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, கூண்டில் சூடு சரியாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டார்.

இதைப் போய்க் கேட்கிறாரே என்று பார்த்தார் நாச்சிமுத்து.

“பல்பைப் போட்டுட்டுக் குஞ்சைப் பார்ப்பேனுங்க. ஒண்டுனா குளிரு. ஓரத்துக்கு ஓடுனா வெக்கை. பரவலாப் படுத்தா சரியா இருக்குதுன்னு அர்த்தமுங்க.”

“பல்பைப் போடாமலே பார்த்துச் சொல்ல முடியாதா?”

“சில்லுனு கெடக்கற பல்பை வெச்சுட்டு என்னத்தைங்க சொல்ல...”

வாய் பாதியில் நின்றது. கையிலிருந்த மீட்டரைப் பார்த்தார். எரிகிற பல்பைப் பார்த்தார். குனிந்து கூண்டைப் பார்த்தார். குஞ்சுகள் பரவலாகப் படுத்திருந்தன. “அப்போ சூடு ஏற ஏற ஓமும் ஏறுதுங்களா டீச்சர்?”

நாச்சிமுத்து சிரித்த சிரிப்பில் அத்தனையும் எழுந்துவிட்டன.