பந்தலார் சங்கத்தில் ஒரு கட்டம் குறைவு

கேள்வி கேட்டவருக்கு வயசு அறுபத்து நாலு. பதில் சொன்னவளுக்கு நாற்பத்தொன்று. இதில் யார் குரு, யார் சீடர் என்று குழம்ப வேண்டாம். பழைய ஓலையும் பத்திரமும் வாசிக்கச் சொல்லித் தருகிற பிரமநாயகிதான் குரு. பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்ற குத்தாலிங்கம் சீடர். அவர் அவளை "அம்மா" என்பார். அவள் அவரை "அண்ணாச்சி" என்பாள்.

குத்தாலிங்கத்தின் குடும்பப் பெயர் பந்தலார். திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்களுக்காக, எந்தக் காலத்திலோ பெயர் தெரியாத ஒருவர் சாலையோரம் தண்ணீர்ப் பந்தல் போட்டார். அவர் வழி வந்தவர்கள் பந்தலார். இன்றைக்கும் பங்குனி பிறந்தால் அதே இடத்தில் பந்தல் போட்டுப் பத்து நாள் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அந்தப் பெயரின் வரலாற்றைத் தேட ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆய்வுச் சங்கமும் ஆரம்பித்தார்கள். செயலாளர் குத்தாலிங்கம். விதிமுறை எழுதியதும் அவரே. தகப்பன், பாட்டன், பூட்டன் மூன்று பேரும் அந்தப் பெயரில் பிறந்ததற்குக் காகிதம் காட்டினால்தான் உறுப்பினர்.

அந்த விதி இப்போது அவர் கழுத்தையே பிடித்திருந்தது. சங்கத்துக்காகப் பழைய பத்திரங்களைக் கிளறியபோது ஆறு மாசத்துக்கு முன்னால் ஒன்று அகப்பட்டது. அவருடைய சொந்தப் பாட்டனார் பந்தலார் வீட்டில் பிறந்தவரே இல்லை. யாரோ வழிப்போக்கர் பந்தலில் விட்டுப் போன குழந்தை. பிள்ளை இல்லாத வீட்டில் சுவீகாரம் எடுத்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. யாராவது நோண்டினால் பதவியும் போச்சு, பெயரும் போச்சு. அந்தப் பயத்தில் மற்றவர்களிடம் இரண்டு மடங்கு கறாரானார். பத்திரத்தை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டே திரிந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. வெள்ளிக்கிழமை காலையில் பிரமநாயகி வீட்டுக்கு வந்து, ஒரு விண்ணப்பத்தை மேஜையில் போட்டார்.

"யாரைச் சேக்கலாம், யாரைச் சேக்கக் கூடாதுன்னு நீங்களே சொல்லிருங்கம்மா. இந்த மரியதாசன் நாலாவது தடவை எழுதிப் போட்டிருக்கான். தூத்துக்குடியில லாரி மெக்கானிக்."

"அவருக்குப் பந்தலார்னு பேரு எப்படி வந்துது?"

"அவன் பாட்டி நம்ம பந்தல்ல பானை கழுவிக்கிட்டு இருந்தவ. ஊரு அவளைப் பந்தல் மரியாள்னு கூப்பிட்டிருக்கு. அதை வச்சுக்கிட்டுப் பேரப்பிள்ளையும் உரிமை கேக்குதான். நல்லா இருக்கே நியாயம்!"

"பங்குனிக்கு வாராரா?"

"வராம என்ன? பத்து நாளும் வாரான். லாரியில தண்ணி கொண்டாந்து பானை நிறைக்கிறதே அவன்தான்."

பிரமநாயகி பேனாவை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள். "வெத்து விண்ணப்பம் ஒண்ணு இருக்கா அண்ணாச்சி? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் சார்பா நான் சொல்லுதேன். நீங்க எழுதுங்க."

குத்தாலிங்கத்துக்கு விண்ணப்பம் என்றால் உற்சாகம் வந்துவிடும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பேரு?"

"வேலாண்டி."

"தகப்பன் பேரு?"

"தெரியாது."

"பாட்டன்?"

"தெரியாது."

"பூட்டனும் தெரியாதாக்கும். சொந்த ஊராவது?"

"வடக்கேருந்து நடந்து வந்தவர். அவ்வளவுதான் தெரியும்."

"காகிதம்?"

"ஒண்ணும் கிடையாது."

"என்னம்மா இது, கூத்தா இருக்கு! பந்தலுக்கும் இந்த ஆளுக்கும் என்னதான் சம்பந்தம்?"

"நாப்பது வருஷம் அங்கே தண்ணி ஊத்தினார்."

"அதுக்குக் கட்டம் இல்லையேம்மா."

"இல்லைன்னா விட்டுருங்க. நீங்க செயலாளர். முடிவு சொல்லுங்க."

அவர் யோசிக்கவே இல்லை. பையிலிருந்து முத்திரையை எடுத்தார். ஊதினார். குத்தினார். நிராகரிக்கப்பட்டது.

சங்கம் வாசிக்கக் கொடுத்திருந்த பழைய ஓலை மேஜை மேல் இருந்தது; பிரமநாயகி அதை அவர் பக்கம் நகர்த்தினாள். "போன வாரம்தான் முழுசா வாசிச்சு முடிச்சேன். மூணாவது வரியைப் பாருங்க."

குத்தாலிங்கம் எழுத்துக் கூட்டி வாசித்தார். வடக்கிருந்து வந்த வேலாண்டி. சாலையோரம் பந்தல். போகிறவர் வருகிறவர் பந்தலார் என்று அழைத்தது. அவர் நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"பந்தல் போட்ட நம்ம பெரியவரா?"

"அவரேதான்."

சங்க அலுவலகத்தில், பெரியவர் என்று மனசால் வரைந்து மாலை போட்ட படம் இருக்கிறது. செயலாளர் தினமும் ஊதுபத்தி கொளுத்துகிற படம். அந்தப் பெரியவரைத்தான் முத்திரை குத்தி வெளியே அனுப்பியிருக்கிறார். ஐயோ பாவம், வைத்த கையை எடுக்க முடியாமல் அந்தக் காகிதத்தின் மேலேயே வைத்திருந்தார்.

பிறகு அந்தக் கை பைக்குள் போயிற்று. பழுப்பேறிய பத்திரம் வெளியே வந்தது.

"நானும் அந்த வீட்டு ரத்தம் இல்லம்மா," என்றார். கண்ணீர் வழிந்தது. "எங்க தாத்தா பந்தல்ல கிடந்த பிள்ளை."

"தெரியும் அண்ணாச்சி."

"தெரியுமா? எப்படி?"

"சித்திரையில ஒரு வரியை மட்டும் எழுதிக் கொண்டாந்து, நண்பர் வீட்டுப் பத்திரம், வாசிச்சுச் சொல்லுங்கன்னீங்க. நண்பர் பேரை மறைச்சீங்க. ஆனா மேலே ஆவண எண், வருஷம், அலுவலகம் எல்லாத்தையும் பக்காவா எழுதியிருந்தீங்க. ஆபீஸ் பழக்கம் விடுமா? நான் அந்த ஆபீஸ்ல மனுப் போட்டு நகல் வாங்கிப் பாத்துட்டேன்."

குத்தாலிங்கம் அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். ஆறு மாசமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போயிற்று. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னார். சொம்புத் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார். மேல்சட்டையெல்லாம் நனைந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. ஆறு மாசம் செத்துப் பிழைச்சேன்."

"சொல்லியிருந்தா பத்திரத்தைக் கிழிச்சுப் போட்டிருப்பீங்க."

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். நிராகரித்த விண்ணப்பத்தை எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை நாலு பேர் முன்னால இதைச் சொல்லிருதேன். பயம் போயிட்டுது. ஆனா விதியை என்ன செய்ய? கதவை ஒரேயடியா திறந்து போட்டுட்டா, சும்மா பேருக்கு வந்து உக்காருதவனும் வருவானே? யாரைத்தான் சேக்கது?"

"நீங்க எத்தனை வருஷமா அங்கே தண்ணி ஊத்துதீங்க அண்ணாச்சி?"

"மீசை முளைச்ச நாள்லேருந்து. நாப்பத்தாறு வருஷம்."

"அதுக்கு ஒரு கட்டம் போடுங்க. மத்த கட்டத்தையெல்லாம் அடிச்சிருங்க. முதல்ல பெரியவரை எழுதுங்க. அடுத்து மரியதாசனை எழுதுங்க. மூணாவதா உங்களைச் சேத்துக்கிடலாமான்னு, அந்த மரியதாசன்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுருங்க."