அணைக்காத லேப்டாப்

“அணைக்காமலே சூட்டைக் குறைக்கணும். அதைக் கத்துக் கொடும்மா. நானே செஞ்சுக்கறேன்.”

கேட்டவர் வேதமூர்த்தி. வயது அறுபத்தொன்று. கேட்டது ஷம்ஷாத்திடம். தஞ்சாவூரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே லேப்டாப் பழுது பார்க்கிறவள். அவரைவிட முப்பது வயது இளையவள்.

இதையே கேட்டு மூன்று கடைகளில் சிரித்துவிட்டார்கள். இவள் சிரிக்கவில்லை. அது போதும் என்று அவர் இவளைக் குருவாக வரித்துக்கொண்டார்.

“ஏன் சார் அணைக்கக் கூடாது?”

“பையனோடது. பாஸ்வேர்டு தெரியாது. அணைச்சா அப்புறம் திறக்காது.”

“பையனைக் கேளுங்களேன்.”

“அவன் போய்ப் பதினோரு மாசம் ஆச்சும்மா.”

ஷம்ஷாத் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

“எதுமேல வெச்சிருக்கீங்க?”

“அவன் கட்டில்ல, மெத்தைமேல. அவன் விட்ட இடத்துலயே இருக்கு. தூசி படாம அவன் சட்டையைப் போர்த்தி வெச்சிருக்கேன்.”

“சட்டையை எடுங்க. ஒரு பலகைமேல வைங்க. அடியில இருக்கற ஓட்டை வழியாத்தான் அது காத்து இழுக்கும்.”

அவர் முகம் செத்துப்போயிற்று. எழுந்து போனார்.

சட்டையை எடுக்க அவருக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

பத்தாம் நாள் வந்தார்.

“கொஞ்சம் குறைஞ்சது. ஆனா ஃபேன் ஊளையிடுது. பக்கத்து வீட்டுக்கே கேக்குதாம்.”

“ரூம் ஜன்னல்?”

“சாத்தியிருக்கு.”

“எப்போலேர்ந்து?”

அவர் வீட்டுக்குப் போய் ஜன்னலைத் திறந்தார்.

அதுவும் ஒரு வாரம்தான் தாங்கியது. மூன்றாம் முறை லேப்டாப்போடு வந்து நின்றார். மூடினால் பூட்டிக்கொள்ளும் என்று பயந்து, திறந்தபடியே மடியில் வைத்து டவுன் பஸ்ஸில் கொண்டு வந்திருந்தார். பஸ்ஸே வேடிக்கை பார்த்திருக்கும்.

திரையில் ஒரு கடிதம், பாதியில் நின்றிருந்தது.

ஐயா, மூன்று நாட்களாக எனக்குக் காய்ச்சல்

அதற்கு மேல் எழுத்து இல்லை. அந்த இடத்தில் கர்சர் கோடு துடித்துக்கொண்டிருந்தது.

“லீவ் லெட்டர்,” என்றார். “ஸ்கூல்ல வாத்தியாரா இருந்தான்.”

“போட்டோ எடுத்து வெச்சுக்கலாமே சார்.”

“எடுத்துட்டேன். போட்டோவுல இந்தக் கோடு துடிக்கலையேம்மா.”

ஷம்ஷாத் லேப்டாப்பின் அடியில் கை வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள்.

“உள்ளே ஃபேன் பூரா மெத்தைப் பஞ்சு அடைச்சுக் கிடக்கும். அணைச்சுத்தான் திறக்க முடியும். இப்படியே விட்டா இன்னும் நாலஞ்சு நாள். போர்டு வெந்துடும்.”

“வேற வழியே இல்லையா?”

“எனக்குத் தெரிஞ்சு இல்ல சார்.”

அவர் அழுதார். படியேறிப் போனவர்கள் பார்த்தும் பார்க்காததுபோல் போனார்கள்.

“காய்ச்சல்னுதான் சொன்னான். மாத்திரையைப் போட்டுட்டுப் படுடான்னேன். டிவியில மேட்ச் ஓடிட்டிருந்தது. எழுந்து போய் நெத்தியில கை வெச்சுக்கூடப் பார்க்கலை.”

திரையின் மூலையில் பேட்டரி சிவப்புக்கு வந்துவிட்டது.

“சார், சார்ஜர் எங்கே?”

பையைத் துழாவினார். எடுத்து வரவில்லை. இந்த ஒரு லேப்டாப்புக்காக வீட்டில் இன்வெர்ட்டர் வாங்கி மாட்டிய மனிதர்.

ஷம்ஷாத் பெட்டியைக் கிளறிப் பொருந்துகிற சார்ஜர் ஒன்றை எடுத்தாள். சுவரில் செருகினாள். மறுமுனையை லேப்டாப்பில் மாட்டாமல் அவரிடம் நீட்டினாள்.

“நாலு நிமிஷம் தாங்கும். உங்க இஷ்டம்.”

அவர் வாங்கிக்கொண்டார். இன்னொரு கையை லேப்டாப்பின்மேல் வைத்தார். சுட்டது. கையை எடுக்கவில்லை.

“சீக்கிரம் சார்.”

அவர் சார்ஜர் முனையை மேசைமேல் வைத்தார்.

“வேண்டாம்மா. புள்ளைக்கு உடம்பு அனலாக் கொதிக்குது.”