சும்மா என்றொரு கொடி

ஒரு மலைச்சரிவில், பேர் ஊர் தெரியாத ஒரு கொடி தன் பாட்டுக்குப் படர்ந்து கிடந்தது. ஒருநாள் அதன் பக்கத்தில் பலகை ஒன்றை நட்டார்கள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் செடிகொடி ஆராய வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் நடந்த தடமாம் அது. அதே தடத்தில் மறுபடி நடந்து பார்க்க ஆட்கள் வரப்போகிறார்களாம்.

“உன் பேர் சும்மா. துரை வைத்த பேர். லத்தீனில் ‘உச்சம்’ என்று அர்த்தம்” என்று பலகை தன்மேல் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டியது.

அவ்வளவுதான், கொடிக்குத் தலைகால் புரியவில்லை. பலகையின் காலை இறுக்கிச் சுற்றிக்கொண்டது. பக்கத்துப் புல்லோடு பேச்சையே நிறுத்திவிட்டது.

ஈர இலைக்கடியில் கிடந்த அட்டைப்பூச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அடியே உச்சம்! அன்றைக்குத் துரையின் காலைக் கடித்துக்கொண்டிருந்தவள் எங்கள் வம்சத்துக்காரி. துரை உன்னைக் காட்டி ‘என்ன இது?’ என்றார். மூட்டை சுமந்து வந்தவன், ஏன் நிற்கிறாய் என்று தன்னைத்தான் கேட்கிறார் என்று பயந்து, ‘சும்மாதான் நிக்கிறேன் துரை’ என்றான். துரை நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டார்!”

“உனக்குப் பொறாமை” என்றது கொடி.

கூட்டம் வந்தது. பலகையைப் படித்தது, “அடடா!” என்றது, ஞாபகத்துக்கு ஆளுக்கொரு இலை கிள்ளிக்கொண்டது. “கிள்ளாதீங்க சார், பாவம்” என்று கத்திக் கத்தி, வழிகாட்டி மருதிக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஒரே மாதத்தில் கொடியில் நாலு இலையும் ஒரே ஒரு மொட்டும்தான் மிஞ்சின. அந்த மொட்டு பூத்து விதை விழாவிட்டால் அந்தச் சரிவில் அதன் வம்சமே இல்லை.

கொடி பலகையிடம் கெஞ்சியது. “பலகையண்ணே, கொஞ்சம் தள்ளிப் போயேன்.”

“நல்ல கதையா இருக்கே! நான் போனால் உன்னை யாருக்குத் தெரியும்?”

“தெரிஞ்சது போதும் சாமி! பேரை நீயே வச்சுக்க. மொட்டை மட்டும் எனக்கு விட்டுடு.”

மறுநாள் காலை மருதி வந்து மொட்டைப் பார்த்தாள். “எத்தனை பேர்கிட்டதான் கத்துறது?” என்று முனகிக்கொண்டே பலகையைப் பிடித்து அசைத்தாள். கொடி அவசர அவசரமாகத் தன் பிடியைத் தானே விட்டது. இருபதடி தள்ளி ஒரு கரும்பாறையின் பக்கத்தில் பலகையை ஊன்றிவிட்டு மருதி போய்விட்டாள்.

இப்போதும் கூட்டம் வருகிறது. பலகையைப் படிக்கிறது. பாறையைத் தடவிப் பார்க்கிறது, கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறது, “துரைக்கு என்னா கண்ணு பாருங்க!” என்று வியக்கிறது. இந்தப் பக்கம் கொடி நிம்மதியாகப் பூத்துக் காய்த்துக் கிடக்கிறது.

பலகையில் கொடி என்று போட்டிருக்கிறதே, கொடி எங்கே என்று இன்றுவரைக்கும் ஒருவர்கூடக் கேட்டதில்லை.